பென்ஷன் வாங்கி ஊர் திரும்பிய தம்பிமாருக்கு



உங்களில் பலரை எனக்கு முகம் தெரியாது. ஆனால் ஊரில் வந்து இறங்கியதும் உங்களிடம் என்ன கேட்டிருப்பார்கள் என்று தெரியும். “இனிமே திரும்பிப் போவ வேண்டாமா?” என்பது முதல் கேள்வி. “கேன்டீன் கார்டு உண்டும்லா?” என்பது அடுத்தது. முதல் வாரத்துக்குள் மாமன் முறை, சித்தப்பா முறை என்று யாராவது இரண்டு பேர் ராத்திரி நேரத்தில் வந்து உட்கார்ந்து, உங்கள் கோட்டாவில் தங்களுக்கும் மாதம் ஒன்று ஒதுக்கும்படி சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். சியாச்சினில் இருந்தாயா, ராஜஸ்தானில் இருந்தாயா, என்ன வேலை பார்த்தாய், என்ன தெரியும் உனக்கு என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். பனியிலும் மணலிலும் கிடந்து வந்தவனிடம் ஊர் எதிர்பார்ப்பது மலிவு விலை ரம் மட்டும்தான் என்பது ஒரு மாதத்தில் விளங்கியிருக்கும்.

அதற்குள் இன்னொருவரும் வந்திருப்பார், செக்யூரிட்டி ஏஜென்சிக்கு ஆள் சேர்ப்பவர். வங்கி வாசல், நகைக்கடை வாசல், ஏ.டி.எம். வாசல், கல்லூரி கேட் என்று ஏதாவது ஒரு வாசலை உங்களுக்குக் காட்டியிருப்பார். டிஸ்சார்ஜ் புக்கின் நகலும் இரண்டு போட்டோவும் கொடுத்தால் போதும், மறுநாளே வேலை.

அந்தத் தாளில் நீங்கள் கையெழுத்துப் போடும் முன்னால் உங்களிடம் பேசிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். காவல் வேலை இளப்பமான வேலை என்று நான் சொல்லவில்லை. காவல் நின்றே காலம் கழித்தவர்கள் நாம், அதன் கஷ்டம் நமக்குத் தெரியும். ஆனால் உங்களுக்கு இப்போது வயது 37, 38, மிஞ்சினால் 42. தமிழ்நாட்டில் பள்ளி ஆசிரியர் ஓய்வு பெறுவது 60 வயதில். நடுவில் கிடக்கும் அத்தனை வருஷத்தையும் கண்ணாடிக் கதவைத் திறந்து மூடுவதில் செலவழிக்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். கடன் கழுத்தை நெரிக்கிறவர்கள் யோசிக்க நேரமில்லாமல் கையெழுத்துப் போடுவார்கள், அவர்களிடம் எனக்கு வருத்தமில்லை. கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்கிறவர்களிடம்தான் பேசுகிறேன்.

சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். நாசரேத் பக்கம் தேரிக்காட்டு ஓரத்து ஊர்க்காரன். 1984இல் பிளஸ் டூ முடித்த கையோடு சேர்ந்தேன். சிக்னல்ஸ். ஜபல்பூரில் பயிற்சி. 2001இல் ஹவில்தாராக வெளியே வந்து, பி.எட். முடித்து, அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். அதிலிருந்தும் ஓய்வு பெற்றாகிவிட்டது. இப்போது எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளி, இரவுப் பள்ளி, மைக் செட் மூன்றுக்கும் நான்தான் பொறுப்பு. சிக்னல்ஸ்காரன் என்றதும் மைக் செட்டை என் தலையில் கட்டிவிட்டார்கள், அது தனிக் கதை. சி.எஸ்.ஐ. சபைக்காரன் என்பதால் சபை வழக்கிலேயே பேசுவேன். உங்களில் கோயில் கொடைக்கு வரி கொடுப்பவர்கள் இருப்பீர்கள், ஜமாத்தில் இருப்பவர்கள் இருப்பீர்கள். உங்கள் இடத்துக்கு ஏற்றபடி மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

“எனக்கு என்ன தெரியும், நான் எப்படிப் பாடம் நடத்த?” என்பதுதான் உங்களில் முக்கால்வாசிப் பேர் சொல்வது. இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பயிற்சி மையத்தில் போய் இறங்கிய முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். எனக்கு ஜபல்பூர், உங்களுக்கு வெலிங்டனாகவோ பெங்களூராகவோ இருந்திருக்கும். “பாயே முட்” என்று பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் குரல் கொடுத்தால் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல், முன்னால் நிற்பவனின் தோளைப் பார்த்துத் திரும்பியவர்கள் நாம். ஹிந்தி ஓர் எழுத்து தெரியாது. ரோமன் எழுத்தில் எழுதிய ஹிந்தியைக் கொடுத்துப் படி என்றார்கள். இங்கிலீஷ் எழுத்தும் நமக்குப் பாதிதான் தெரியும். ராத்திரி பாரக்கில் படுத்துக்கொண்டு, நான் முட்டாளாகவே பிறந்துவிட்டேனா என்று யோசித்தது எனக்கு இப்போதும் மறக்கவில்லை. உங்களுக்கும் மறந்திருக்காது.

அதிலிருந்து நம்மை வெளியே கொண்டுவந்தது யார்? அந்த உஸ்தாத்தான். அவர் என்ன பெரிய படிப்பு படித்தவரா? முதலில் தானே முழுதாகச் செய்து காட்டினார். பிறகு அதையே பாகம் பாகமாகப் பிரித்து, எண்ணிக்கை சொல்லிச் செய்து காட்டினார். பிறகு நம்மைச் செய்யச் சொன்னார். தப்பினால் மறுபடி முதலிலிருந்து. ரைபிளைப் பிரித்துப் பூட்டுவதைக் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் வரைக்கும் விடவில்லை. அப்புறம் மூன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு என்று ஆர்மி எஜுகேஷன் சர்டிபிகேட். அதற்கு மேல் மேப் ரீடிங் தேர்வு. இதெல்லாம் இல்லாமல் பட்டி ஏறாது என்பதால், பள்ளியோடு படிப்பை மூட்டை கட்டிய நாமும் முப்பது வயதில் உட்கார்ந்து படித்தோம். நாயக் ஆனதும் பத்துப் பேரை உங்களிடமே ஒப்படைத்தார்கள். கூர்க்காலியோ மராத்தியோ பேசுகிற ஒருவனுக்கு உங்கள் ஓட்டை ஹிந்தியில் ஒயர்லெஸ் செட்டையோ மோர்ட்டாரையோ சொல்லிக் கொடுத்தீர்கள். அவன் கற்றுக்கொண்டான். இல்லையென்றால் உங்கள் உயிருக்கே ஆபத்து என்பதால் அவன் கற்றுக்கொள்ளும் வரை நீங்கள் தூங்கவில்லை.

இது பாடம் நடத்துவது இல்லை என்றால் வேறு எது? பி.எட். கல்லூரியில் பாடத்திட்டம் எழுதச் சொல்லிக் கொடுத்தபோது, பக்கத்தில் இருந்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் திணறினார்கள். எனக்கு அது உஸ்தாத் செய்ததைத் தமிழில் எழுதுவது மாதிரிதான் இருந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன். வகுப்பில் முதல் மூன்று பெஞ்சுப் பிள்ளைகளுக்கு யார் வந்து நடத்தினாலும் ஏறிவிடும். கடைசிப் பெஞ்சில், வாத்தியார் பேசுகிற மொழியே விளங்காமல், பக்கத்தில் இருப்பவன் எழுதுவதைப் பார்த்து வரைகிற பையன் ஒருவன் இருப்பான். நன்றாகப் படித்து, முதல் ரேங்க் வாங்கி, ஆசிரியராக வந்தவர்களுக்கு அவன் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று தெரிய வாய்ப்பில்லை. அது அவர்கள் தவறும் இல்லை. உங்களுக்குத் தெரியும். “பாயே முட்” விளங்காமல் நின்ற ஆள் நீங்கள்.

படித்து வாத்தியாராக வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது இங்கே இல்லை. இலங்கைக்குப் போன படையில் நானும் இருந்தேன். 1987 ஜூலையில் ஒப்பந்தம், அக்டோபரில் சண்டை, 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல். உங்களுக்கு இது பெரியவர்கள் சொல்லிக் கேட்ட கதை. நம் ஆட்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கேயே போய்விட்டார்கள். அந்த ஊர் சனங்கள் பட்டது அதைவிடப் பெரிது. அதைப் பேச இந்த மடல் போதாது. 1988இல் யாழ்ப்பாணப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்கள் பிரிவு தங்கியிருந்தது. ஒரு நாள் காலையில் வயதான ஒருவர் சைக்கிளை வேலியோரம் சாத்திவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக் காட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, மேல்சட்டை, மூக்குக் கண்ணாடி. சென்ட்ரிக்கு அவர் பேசுவது விளங்கவில்லை. தமிழ்க்காரன் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

அவர் அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர். “தம்பி, பள்ளிக்கூடச் சாமான் ஒண்டும் இப்ப வேண்டாம். இடாப்புகளை மட்டும் எடுத்துத் தாங்கோ. இடம்பெயர்ந்து போன பிள்ளையளுக்கு விடுகைப் பத்திரம் எழுதோணும்” என்றார்.

சுபேதார் சாபிடம் அனுமதி வாங்கப் பாதி நாள் ஆயிற்று. அதுவரை அவர் வேலியோரத்திலேயே நின்றார். இடாப்பு என்றால் அவர்கள் பேச்சில் பதிவேடு. உள்ளே ஓர் அலமாரியில் கேபிள் டிரம்களுக்குப் பின்னால் அவை இருந்தன. எடுத்துக் கொடுத்ததும் அங்கேயே மண்ணில் குந்தி, ஒவ்வொன்றாகத் திறந்து, வகுப்பு வாரியாக அடுக்கி, ஒன்று குறைகிறது என்றார். மறுபடி போய்த் தேடி எடுத்து வந்தேன். துண்டில் சுற்றிக் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பும்போது என்னைப் பார்த்து, “நீர் எவ்வளவு மட்டும் படிச்சனீர்?” என்று கேட்டார். பிளஸ் டூ என்றேன். “மிச்சத்தையும் படிச்சு முடியும்” என்றார். அவ்வளவுதான். துப்பாக்கியோடு நிற்கிறவனிடம் அப்படி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்த லீவில் வந்தபோது மதுரை காமராசர் பல்கலைக்கழக அஞ்சல்வழிக் கல்வியில் கணக்குப் பாடத்துக்குப் பணம் கட்டினேன். பாடக் கட்டு ராணுவ அஞ்சல் முகவரிக்கு வந்து சேர்வதற்குள் நான் வேறு இடத்துக்கு மாறியிருப்பேன், கட்டு என் பின்னாலேயே அலையும். பட்டம் கையில் வர நிறைய வருஷம் பிடித்தது.

சரி, பள்ளிக்குள் போனால் என்ன நடக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே என் மேசையில் ஒரு பிரம்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். “9-சி உங்களுக்குத்தான் சார். மிலிட்டரிக்காரர்னா தன்னால அடங்குவானுவ” என்றார்கள். உங்களுக்கும் இதுதான் நடக்கும். காலை அசெம்பிளியில் வரிசை சரிபார்க்க, தாமதமாக வருபவனைக் கேட்டில் நிறுத்த, சுதந்திர தினத்துக்கு மார்ச் பாஸ்ட் பழக்க, அடங்காதவனை அடிக்க என்று ஒரு போலீஸ்காரனை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். மார்ச் பாஸ்ட் பழக்குங்கள், அது நமக்குச் சுலபம், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். பிரம்பை மட்டும் தொடாதீர்கள். 2009இன் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்திருக்கிறது. சட்டம் இருக்கட்டும், ரிக்ரூட்டின் மேல் கை வைக்கக் கூடாது என்பது நமக்கும் விதியாகவே இருந்தது. அதை மீறிய உஸ்தாத்தையும் மீறாத உஸ்தாத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். யாரிடம் கற்றுக்கொண்டோம் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த 9-சியில் எழுத்துக் கூட்டிப் படிக்கவே தெரியாத பையன்கள் இருந்தார்கள். ஒருவன் புத்தகத்தையே கொண்டுவர மாட்டான். அப்பா பனையேற்றம், மாலையில் அவனும் விறகுக்கும் ஓலைக்கும் போகிறவன். தேரியில் எந்த விளை யாருடையது, எந்தக் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் கிடக்கும் என்று அவனுக்கு அத்துப்படி. விகிதமும் அளவுத்திட்டமும் நடத்த வேண்டிய வாரம் வந்தது. நமக்குச் சாண்ட் மாடல் தெரியுமே. வகுப்பை மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். செம்மண்ணுக்கா பஞ்சம்? ஊரில் 100 மீட்டர், மண்ணில் 1 மீட்டர் என்று வைத்துக்கொண்டு நம் ஊரைக் கட்டுங்கள் என்றேன். கோயில் கோபுரத்துக்கு ஒரு செங்கல், பஸ் ஸ்டாப்புக்கு ஒரு தீப்பெட்டி, பனைக்கு ஈர்க்குச்சி. அளந்து வைக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

முதல் ரேங்க் பிள்ளைகள் சூத்திரத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு, கிணற்றைத் தப்பான இடத்தில் வைத்தார்கள். இந்தப் பையன் வந்து, “அங்க இல்லல, சர்ச்சிலருந்து எங்க அப்பா விளைக்கு இருநூறு எட்டு” என்று சொல்லி எடுத்து மாற்றி வைத்தான். எட்டை மீட்டராக்கு என்றேன். நடந்து காட்டினான், கயிறு போட்டு அளந்தோம், அவனே கணக்குப் போட்டான். பிறகு ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி அட்டை குத்த வேண்டும் என்றேன். “கிணறு” என்று எழுத அவனுக்குத் தெரியவில்லை. பக்கத்துப் பையனிடம் கேட்டு எழுதினான். அந்த வாரம் முழுக்க அவன் எழுதிய சொற்களெல்லாம் அவன் நிலத்துச் சொற்கள். அவன் மாநில ரேங்க் வாங்கினான் என்று நான் கதை விடப் போவதில்லை. பத்தாவது தேறினான், ஐ.டி.ஐ. போனான். இப்போது ஊருக்கு வந்தால் மோட்டாரைப் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறான்.

பிள்ளைகள் இன்னொன்றும் கேட்பார்கள், தயாராக இருங்கள். “சார், நீங்க எத்தன பேரச் சுட்டீங்க?” எல்லா வகுப்பிலும், எல்லா வருஷமும் வரும் கேள்வி இது. சினிமா பார்த்துக் கேட்கிறார்கள், கோபப்படாதீர்கள். கதையும் அளக்காதீர்கள். முதுகில் பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும் ரேடியோ செட்டைக் கட்டிக்கொண்டு மலை ஏறியதை நான் சொல்வேன், பேட்டரி தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்று கேட்பேன். அங்கிருந்து மின்சாரத்துக்குப் போய்விடலாம். உள்ளே கிடப்பதை எல்லாம் பதினான்கு வயதுப் பிள்ளையிடம் கொட்ட வேண்டியதில்லை. கொட்ட வேண்டும் என்று இருந்தால் நம் ஆட்கள் இருக்கிறோம், குருவானவர் இருக்கிறார், மருத்துவர் இருக்கிறார்.

இனிச் சபையைப் பற்றி. நம் நெல்லைச் சீமைச் சபைகளின் கதையைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். மிஷனரிகளான ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார், கால்டுவெல் 1841இல் இடையன்குடிக்கு வந்தார். அவர்கள் காலத்தில் எத்தனையோ ஊர்களில் கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே ஓலைக் கூரைதான். வாரம் முழுக்கப் பிள்ளைகள் உட்கார்ந்த தரையில் ஞாயிற்றுக்கிழமை சபை உட்கார்ந்தது. பாடம் நடத்தியவரே ஜெபமும் நடத்தினார். உபதேசியார் என்றால் ஊருக்கு வாத்தியார், கடிதம் படித்துச் சொல்பவர், மனு எழுதிக் கொடுப்பவர் எல்லாம் அவர்தான். பனையேறிகளின் பிள்ளைகள் கலெக்டர் ஆபீசுக்குள் போனது அந்தத் தரையிலிருந்து.

இன்றைக்குக் கோயில் கிரானைட் தரையாகிவிட்டது. சேகரக் கமிட்டித் தேர்தல் என்றால் போஸ்டர் அடிக்கிறார்கள், வண்டி பிடித்து ஆள் கொண்டுவருகிறார்கள். ஓய்வுநாள் பள்ளியில் மட்டும் பத்து வயதுக்கு மேற்பட்ட பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஓர் ஆண்பிள்ளை கிடையாது. அக்காமார் பாடுபடுகிறார்கள், அவர்கள் இல்லையென்றால் அதுவும் இல்லை. ஆனால் மீசை அரும்பிய பையன்கள் அவர்கள் முன்னால் உட்கார வெட்கப்பட்டு, காம்பவுண்டுச் சுவரில் வரிசையாக ஏறி உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிறு ஆராதனைக்கு வந்தால் நீங்களே பார்க்கலாம். நீங்களும் அவர்கள் பக்கத்தில் மரத்தடியில்தான் நிற்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

சபை உங்களைத் தேடுவது அசனத்துக்கு. விடிய விடிய கறி வெட்டி, அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, பாயில் கொட்டி ஆற வைத்து, காலையில் ஊர் திரண்டு வரும்போது கயிறு கட்டி வரிசை பிடிக்க “மிலிட்டரிக்காரன்கள் எங்கல?” என்று தேடுவார்கள். நாமும் சந்தோஷமாகப் போய் நிற்கிறோம். அதில் ஒரு குறையும் இல்லை, அசனக் குழம்பை நினைத்தால் எனக்கே நாக்கு ஊறுகிறது. வருஷத்தில் ஒரு நாள் கயிறு பிடிக்கிற கை, மற்ற நாளில் சும்மா கிடப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் சபை மண்டபத்தில் இரவுப் பள்ளி நடக்கிறது. ஆறரை மணிக்கு விளக்கைப் போடுவேன். சபைப் பிள்ளைகள் வருகிறார்கள், அம்மன் கோயில் தெருப் பிள்ளைகள் வருகிறார்கள், பள்ளிவாசல் தெருவிலிருந்தும் வருகிறார்கள். அங்கே நாங்கள் ஜெபம் பண்ணுவதில்லை, பிரசங்கமும் கிடையாது. கணக்கு, இங்கிலீஷ், தமிழ் வாசிப்பு, இவ்வளவுதான். “கோயில் கரண்டு, கோயில் பெஞ்சு, ஒரு வசனம் சொல்லக் கூடாதாக்கும்?” என்று சபைக்குள்ளேயே என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் உண்டு. நான் அசையவில்லை. பாரக்கில் சீக்கியனும் முஸ்லிமும் நம்மோடு ஒரே லங்கரில் சாப்பிட்டார்கள், யார் தட்டிலும் யாரும் எதையும் திணிக்கவில்லை. அந்தப் பழக்கத்தை ஊருக்குக் கொண்டுவர நம்மைவிட்டால் யாருக்கு முடியும்?

படிப்பு இல்லையே என்கிறவர்களுக்கு ஒன்று. பதினைந்து வருஷ சர்வீசுக்குக் கொடுக்கிறார்களே, பட்டத்துக்குச் சமம் என்று ஒரு சான்றிதழ், அதை நம்பி இருந்துவிடாதீர்கள். சில வேலைகளுக்கு அது செல்லும். பி.எட். சேர அது போதாது, முறையான பட்டம் வேண்டும். இன்னும் சர்வீசில் இருக்கிற உங்கள் தோழர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். லீவில் வரும்போதே தொலைநிலைக் கல்வியில் சேரச் சொல்லுங்கள். பி.எட். 2015இலிருந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அதற்கு மேல் 150 மதிப்பெண்ணுக்குத் தகுதித் தேர்வு இருக்கிறது. நீளமான பாதைதான். வேலை கிடைத்தே தீரும் என்றும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பட்டம் வைத்துக்கொண்டு காத்திருக்கிற பிள்ளைகள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். ஆனால் பென்ஷன் மாதாமாதம் வருகிறது, மருத்துவச் செலவுக்கு இ.சி.எச்.எஸ். இருக்கிறது. காத்திருந்து படிக்க உங்களைப் போல வசதி உள்ளவர்கள் இந்த நாட்டில் அதிகம் பேர் இல்லை.

அவ்வளவு தூரம் முடியாது என்றால் அதுவும் சரி. மாலையில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க பி.எட். தேவையில்லை. 2021 அக்டோபரில் அரசு இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியபோது, கொரோனாவில் படிப்பை விட்ட பிள்ளைகளுக்குத் தெருத் தெருவாக மாலை 5 மணி முதல் 7 மணி வரை சொல்லிக் கொடுத்தது யார்? பிளஸ் டூவும் டிகிரியும் படித்துவிட்டு வீட்டிலிருந்த நம் பெண்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குத் திண்ணையிலும் மரத்தடியிலும் உட்கார்ந்தார்கள். சொல்லிக் கொடுத்தவர்களில் எத்தனை ஆண்கள் என்று தேடிப் பார்த்தால் நமக்கு வெட்கமாக இருக்கும். உங்கள் வீட்டுக்காரியே அதில் ஒருத்தியாக இருந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள். நீங்கள் எல்லையில் இருந்த காலமெல்லாம் வீட்டையும் பிள்ளைகளையும் தனியாக நடத்தியவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. பாடம் நடத்துவதும் அதில் ஒன்று.

இதை இப்போதே ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் பின்னால் இன்னொரு கூட்டம் வந்துகொண்டிருக்கிறது. 2022இல், நாலு வருஷத்துக்கு மட்டும் படையில் ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டம் வந்தது. முதல் அணி அந்த வருஷக் கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போனது. நாலு வருஷக் கணக்குப்படி 2026 கடைசியில் அவர்கள் வெளியே வரத் தொடங்குவார்கள். நூற்றுக்கு 25 பேர் வரைதான் உள்ளே வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் இருபத்தி மூன்று, இருபத்தி நாலு வயதில், ஏறத்தாழ 11.7 லட்சம் ரூபாயோடு, பென்ஷன் இல்லாமல் வருவார்கள். திட்டம் நல்லதா கெட்டதா என்று டீக்கடையில் நிறையப் பேசியாகிவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்குகிற பையனிடம் ஊர் என்ன கேட்கப் போகிறது? அவனிடம் கேன்டீன் கார்டு கூட இருக்காது. அந்தப் பணத்தின் மேல் கண் வைத்து வருகிறவர்கள் முதலில் வந்துவிடுவார்கள். நாம் அதற்கு முன்னால் போய் நிற்க வேண்டும். நாம் இரவுப் பள்ளியில் உட்கார்ந்திருந்தால் அவனையும் அங்கே கூப்பிட்டு உட்கார வைக்கலாம், அவன் பாதியில் விட்ட படிப்பை முடிக்க வைக்கலாம். நாம் ஏ.டி.எம். வாசலில் நின்றுகொண்டு அவனை எங்கே கூப்பிடுவது?

ஆகவே நான் கேட்பது இதுதான். ஊருக்கு நாலு முன்னாள் படைவீரர்களாவது நம் பக்கத்தில் இருக்கிறோம். வாரத்தில் மூன்று மாலை, ஆளுக்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள். இடத்துக்கு அலைய வேண்டாம். சபை மண்டபம் ராத்திரியில் பூட்டித்தான் கிடக்கிறது, சாவி கோயில்பிள்ளையிடம் இருக்கும். குருவானவரைப் பார்த்து நேராகக் கேளுங்கள், ஜமாத் தலைவரிடமோ கோயில் தர்மகர்த்தாவிடமோ கேளுங்கள். கமிட்டியில் வைத்து முடிவு செய்வோம் என்று இழுத்தால் உங்கள் வீட்டுத் திண்ணையில் தொடங்கிவிடுங்கள், கமிட்டி பின்னால் வரும். பட்டம் இருக்கிறவர்கள் பி.எட். விண்ணப்பத்தைப் போடுங்கள். உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் சேருங்கள், அதற்குத் தேர்தல் செலவு கிடையாது.

ஜூனில் பள்ளி திறந்ததும் தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். மெடலையும் டிஸ்சார்ஜ் புக்கையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அதைப் பார்த்தால் உங்களை கேட்டில்தான் நிறுத்துவார்கள். ஒன்பதாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் யார் யார் என்று கேட்டு, அவர்களில் ஐந்து பேரின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்கு மூத்த ஒரு சிக்னல்ஸ்காரன்